யாழ்மொழியா, ரித்விகாவா?

வணக்கம் அண்ணா,

எங்கள் வீடு கொழிஞ்சாம்பாறை பக்கம். நான் பாலக்காடு டவுனில் பிறந்து மலையாளம் மீடியத்தில் படித்தவள். வீட்டில் பேச்செல்லாம் தமிழ்தான், ஆனால் தமிழ் வாசிக்கக் கற்றுக்கொண்டது கல்யாணத்துக்குப் பிறகு. வீட்டுக்காரர் பொள்ளாச்சியில் வேலை பார்க்கிறார், தமிழ் என்றால் உயிர். எங்களுக்குப் பெண் குழந்தை பிறந்து இரண்டு மாதம் ஆகிறது. சுவாதி நட்சத்திரம். அவர் 'யாழ்மொழி' என்று வைத்தே ஆக வேண்டும் என்கிறார். எனக்கு 'ரித்விகா' என்று கல்லூரி நாளிலிருந்தே ஆசை. யாழ்மொழி என்று வைத்தால் இங்கே அங்கன்வாடி டீச்சரிலிருந்து யாருக்கும் வாயில் நுழையாது என்று நான் சொன்னேன். 'உனக்குத் தமிழ் மேல் மரியாதை இல்லை' என்று அவர் பேச, அன்றைக்குச் சாப்பாடு நடக்கவில்லை. மாமனாருக்கோ அவருடைய அம்மா பெயர் பழனியம்மாள் வரவேண்டும். ஜோசியர் ரு, ரே, ரோ, தா என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். தடுப்பூசி அட்டையில் இன்னும் 'பேபி ஆஃப்' போட்டு என் பெயர்தான் இருக்கிறது. பெயர் கொடுக்கத் தாமதமானால் ஏதாவது சிக்கல் வருமா? நீங்களே ஒரு பெயர் சொன்னாலும் சரி.

ஒரு வாசகி

அன்புள்ள தங்கைக்கு,

முதலில் அந்தச் சிக்கல். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி 21 நாளுக்குள் பதிய வேண்டியது பிறப்பை. பெயரில்லாமலும் பதியலாம். உங்களுக்கு ஆஸ்பத்திரியிலிருந்தே அது நடந்திருக்கும். அதன்பின் 12 மாதம் வரை கட்டணமில்லாமல் பெயர் சேர்க்கலாம். 15 வருஷம் வரைகூடத் தாமதக் கட்டணம் கட்டிச் சேர்க்க வழி உண்டு. ஆகவே கையில் பத்து மாதம் இருக்கிறது, சண்டையை நிதானமாகவே போடலாம். ஆனால் 2023 அக்டோபர் 1 அன்றும் அதற்குப் பிறகும் பிறந்த பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை, வாக்காளர் பட்டியல், ஓட்டுநர் உரிமம் எல்லாவற்றுக்கும் பிறந்த தேதிக்கான அத்தாட்சி இந்தப் பிறப்புச் சான்றிதழ்தான். அதில் ஏற்றிய பெயரைப் பின்னால் மாற்றப் போனால் அலைச்சல். 'இப்போதைக்கு ஒன்றைக் கொடுத்து வைப்போம்' என்று மட்டும் செய்துவிடாதீர்கள்.

யாழ்மொழி வாயில் நுழையாது என்றீர்கள். தங்கச்சி, உங்கள் ஊர்ப்பெயரிலேயே ழ இருக்கிறது. கோழிக்கோடு, ஆலப்புழை என்று தினம் சொல்லும் டீச்சருக்கு யாழ்மொழி என்ன பெரிய கஷ்டம்? ழகரத்தைப் பொறுத்தவரை மலையாளிகள் நம்மில் பலரைவிடச் சுத்தம். மதுரைப் பக்கத்து உறவு யாராவது வந்தால்தான் அது யாள்மொளி ஆகும். ரித்விகாவைத்தான் உங்கள் மாமியார் ரித்திகா என்பார், அடுத்த வீட்டு ஆத்தா ருத்து என்பார். பெயர் பிடிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்றே சொல்லுங்கள். அது போதுமான காரணம். டீச்சரைச் சாட்சிக்கு இழுக்கப் போய்த்தான் பேச்சு தமிழ் மரியாதைக்குப் போய்விட்டது.

உங்கள் வீட்டுக்காரரிடமும் ஒன்று சொல்ல வேண்டும். 1916 வாக்கில் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கி, வேதாசலம் என்ற தம் பெயரையே மாற்றிக்கொண்டவர் மறைமலையடிகள். அவர் மகள் நீலாம்பிகை அம்மையார். வடசொற்களுக்கு நேரான தமிழ்ச்சொற்களைத் தேடி அகராதி தொகுத்த அந்த அம்மையார் கடைசிவரை நீலாம்பிகைதான். அம்பிகை எந்த மொழி என்று அப்பாவுக்கும் தெரியும், மகளுக்கும் தெரியும். அந்த வீட்டுக்கே ஆகிவந்தது கொழிஞ்சாம்பாறைக்கும் ஆகும். பழமைதான் வேண்டும் என்றால் சங்கப் புலவர்களில் வெள்ளிவீதியார் இருக்கிறார், நச்செள்ளையார் இருக்கிறார், ஒக்கூர் மாசாத்தியார் இருக்கிறார். வெள்ளிவீதி என்று மகளுக்கு வைத்த தமிழ்ப்பற்றாளர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. யாழ்மொழி, கயல்விழி எல்லாம் நல்ல பெயர்கள், ஆனால் அவையும் ரசனைதான். உங்கள் ரித்விகாவும் ரசனை. ரசனைக்கும் ரசனைக்கும் நடக்கும் பேரத்தில் ஒருவர் மட்டும் மொழியைத் துணைக்குக் கூப்பிட்டால் அடுத்தவர் என்ன பேச முடியும்?

ஆனால் ரித்விகாவின் அர்த்தத்தைப் பெயர்ப் பட்டியல் போடும் தளங்களில் பார்த்து நம்பியிருந்தால் ஒருமுறை அகராதியைப் பாருங்கள். ரித்விக் என்றால் வேள்வி நடத்தும் புரோகிதர். அதற்கு ஒரு கா போட்டுப் பெண்பாலாக்கியிருக்கிறார்கள். அந்தத் தளங்களில் எந்தப் பெயரைத் தட்டினாலும் தேவி, ஒளி, அன்பு என்று வரும். இது உங்கள் வீட்டுக்காரருக்குத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் குதிப்பார், எதற்கும் நான் சொன்னதாகச் சொல்லாதீர்கள்.

இதில் பெரிய வேடிக்கை ஜோசியர் கொடுத்த எழுத்து. ரு, ரே, ரோ, தா. யாழ்மொழி இதில் வராது, சரி. ரித்விகாவும் வராது. ரி சித்திரைக்கு உரிய எழுத்து, சுவாதிக்கு அல்ல. பழனியம்மாளும் வெளியேதான். ஆக மூன்று பேரும் சேர்ந்து ஜோசியரை ஏற்கெனவே மீறியாகிவிட்டது. தனித்தமிழ் வேண்டும் என்பவருக்கு இன்னொரு முட்டுக்கட்டையும் உண்டு. தொல்காப்பியப்படி ரகரம் சொல்லுக்கு முதலில் வராது. ராமன் இராமன் ஆனதும் ரங்கன் அரங்கன் ஆனதும் அதனால்தான். நான்கு எழுத்தில் மூன்று அங்கேயே அடிபட்டுவிடும், மிஞ்சுவது தா ஒன்று. தாமரை என்று வைக்கலாம், மலையாளத்திலும் அது பூதான். ஆனால் அதை நான் சிபாரிசு செய்யவில்லை. ஜோசியர் எழுத்தைச் சான்றிதழுக்குக் கொண்டு போகாதீர்கள் என்பதற்காகச் சொல்கிறேன். அது வேண்டுமானால் காதில் சொல்லும் பெயரோடு நிற்கட்டும். பக்கத்து மலையாளி வீடுகளில் இருபத்தெட்டாம் நாள் நூலுகெட்டு பார்த்திருப்பீர்கள். குழந்தையை மடியில் போட்டு, ஒரு காதை வெற்றிலையால் பொத்தி, இன்னொரு காதில் மூன்று தடவை பெயர் சொல்வார்கள். அந்தப் பெயர் ஒன்றும், பள்ளிக்கூடப் பெயர் வேறொன்றுமாக வளர்ந்த பிள்ளைகள் நம் பஞ்சாயத்து முழுக்க உண்டு.

மாமனாருக்கும் இதே வழிதான். பழனியம்மாளைக் காதில் சொல்லச் சொல்லுங்கள், அவரையே மடியில் வைத்துச் சொல்லச் சொல்லுங்கள். நம் பக்கத்தில் பாட்டி பெயரைப் பேத்திக்கு வைப்பது பழக்கம். ஆனால் மாமியார் பெயரை மருமகள் வாய்விட்டுச் சொல்வதில்லை என்பதும் பழக்கம். இரண்டும் மோதினால் என்ன ஆகும்? எங்கள் வீட்டில் ஆனது. என் பெரிய அத்தைக்கு அவர் அப்பத்தா பெயரை வைத்தார்கள். பெற்ற தாயால் அந்தப் பெயரைச் சொல்லிப் பிள்ளையைத் திட்டக்கூட முடியவில்லை. 'பாப்பாத்தி' என்று கூப்பிட ஆரம்பித்து, தெரு முழுக்கப் பாப்பாத்தி ஆகிவிட்டார். ஒருநாள் புதிதாக வந்த தபால்காரர் பென்ஷன் மணியார்டரோடு வந்து பெயரை வாசித்துக் கேட்க, திண்ணையில் உட்கார்ந்திருந்த பங்காளிகள் எல்லாரும் 'அப்படி இங்கே யாரும் இல்லீங்க' என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அத்தை அப்போது உள்ளே புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார்.

இனி நீங்கள் இருவரும். இருவருக்கும் ஆசைப்பட்ட பெயர் கிடைக்காது, அதை இப்போதே ஒப்புக்கொள்ளுங்கள். என் கருத்தில் அப்பா அம்மா இரண்டு பேருக்கும் வேண்டாம் என்று சொல்லும் உரிமை இருக்கிறது. இதுதான் என்று சொல்லும் உரிமை ஒருவருக்கும் இல்லை. வேண்டாம் என்றதற்குக் காரணம் கேட்கக் கூடாது, திரும்பக் கொண்டுவரவும் கூடாது. அந்தக் கணக்கில் யாழ்மொழி போயாயிற்று, ரித்விகாவும் போயாயிற்று. இரண்டு பேரும் தனித்தனியாக ஒரு நோட்டில் எழுதுங்கள், மாற்றிக்கொண்டு அடியுங்கள், அடிபடாததில் இருந்து எடுங்கள். பெரியவர்கள் எதிரில் வேண்டாம். அவர்கள் இருந்தால் அவர் மகனாகப் பேசுவார், நீங்கள் மருமகளாகப் பேசுவீர்கள். மிஞ்சுவது சுமாரான பெயராக இருக்கலாம். பிள்ளை வளர வளர அது நல்ல பெயராகிவிடும், என் அனுபவத்தில் அப்படித்தான்.

ஆளுக்கு ஒன்றாக 'யாழ்மொழி ரித்விகா' என்று சேர்த்துப் போடும் யோசனை யாராவது சொல்வார்கள். கேட்காதீர்கள். நம் பிள்ளைகளுக்கு ஏற்கெனவே இனிஷியல் தொல்லை உண்டு. பொள்ளாச்சியில் இனிஷியல் பெயருக்கு முன்னால், சித்தூர் தாலுகாவில் பெயருக்குப் பின்னால் (ஆந்திராச் சித்தூரை நினைத்துக்கொள்ளும் மற்ற வாசகர்களுக்கு: இது பாலக்காட்டுச் சித்தூர்). பாஸ்போர்ட்டில் இனிஷியலை விரித்து அப்பா பெயர் முழுசாக வரும். அதில் இரட்டைப் பெயரும் சேர்ந்தால் எந்தப் படிவத்தில் எது முதற்பெயர் என்று பிள்ளை ஆயுசுக்கும் விளக்கிக்கொண்டிருக்கும்.

நானே ஒரு பெயர் சொல்லக் கேட்டீர்கள். மாட்டேன். நாளைக்கு உங்களுக்குள் ஏதாவது வந்தால் 'அந்த ஆள் வைத்த பேர்' என்று என் தலைதான் உருளும்.

முடிவானதும், இங்கே கேரளத்தில் ஆன்லைன் விண்ணப்பம் போட்டுத் தரும் அக்ஷயா சேவை மையத்துக்குப் போகுமுன் பெயரை மலையாளத்திலும் ஆங்கிலத்திலும் ஒரு தாளில் பெரிதாக எழுதிக் கொண்டுபோங்கள். ஆங்கிலத்தில் ழ வந்தால் எந்த எழுத்துகள், நெடிலுக்கு ஒரு ஏயா இரண்டு ஏயா என்பதை வீட்டிலேயே தீர்த்துவிடுங்கள். தட்டச்சு செய்கிற பெண் வாயால் சொல்லக் கேட்டு அடித்தால் அவர் காதில் விழுந்ததுதான் ஏறும். சமர்ப்பிக்கிற பட்டனை அழுத்துமுன் திரையைத் தன் பக்கம் திருப்பச் சொல்லி உங்கள் வீட்டுக்காரர் ஒருமுறை வாசிக்கட்டும், பிறகு நீங்கள் ஒருமுறை வாசியுங்கள்.

அன்புடன்,
அண்ணன்