வெங்காயக் கப்பல் வரும் நாடு: சீஷெல்ஸ் கேள்வி பதில்

ஒன்பது வருடமாக இங்கே, இந்தியப் பெருங்கடல் தீவு நாடான சீஷெல்ஸில், கணக்கு வேலை. ஊர்க்காரர்கள் கேட்டவற்றில் சிலவற்றுக்குப் பதில் இதோ.

அங்கே யார் இருக்கிறார்கள்? பழங்குடிகள் உண்டா?

கிடையாது. 1770-ல்தான் முதல் குடியேற்றம். பிரெஞ்சுக்காரர்கள், அவர்கள் கொண்டுவந்த ஆப்பிரிக்க அடிமைகள், கூடவே சில இந்தியர்கள். பிறகு சீனர்கள். நூற்றுக்கும் மேற்பட்ட தீவுகள் இருந்தாலும் மக்கள்தொகை ஒரு லட்சத்தைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். அதிலும் பெரும்பாலோர் மாஹே தீவில். 1746-ல் சென்னையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர் மாஹே த லா பூர்தொனே இருக்கிறாரே, அவர் பெயரில் உள்ள 'மாஹே'தான் இந்தத் தீவுக்கும் வைத்தது! தமிழ் வம்சாவளியினர் சிலருக்குப் பிள்ளை, நாய்க்கன் என்று குடும்பப் பெயர் இருக்கும். பேசிப் பார்த்தால் தமிழ் வராது, பிரெஞ்சிலிருந்து பிறந்த உள்ளூர் மொழியான கிரியோல்தான் வரும்.

பணக்கார நாடாமே?

தலைக்கு வருமானம் ஆப்பிரிக்காவிலேயே முன்வரிசை. வருவது சுற்றுலாவிலும் சூரை மீனிலும். தலைநகர் விக்டோரியாவின் துறைமுகத்தில் சூரையை டின்னில் அடைக்கும் பெரிய ஆலை உண்டு. காற்று திரும்பினால் வாசனையே சொல்லிவிடும். ஆனால் சாப்பாட்டுச் சாமான் முக்கால்வாசி வெளியிலிருந்துதான். கடையில் வெங்காயக் கூடை காலியாக இருந்தால், கப்பல் இன்னும் வரவில்லை என்று அர்த்தம். 2008-ல் வெளிக்கடனைக் கட்ட முடியாமல் நாடே தடுமாறியது. எனவே வேலைக்கு வருகிறவர்கள் சம்பளத்தை மட்டும் பார்க்காதீர்கள், வாடகையையும் கேளுங்கள்.

இரட்டைத் தேங்காயை (கோகோ த மேர்) எங்கே பார்க்கலாம்?

பிராலின் தீவின் வல்லே த மே காட்டில். 1983 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. உள்ளே போனால் வெயில் தெரியாது. காற்றில் ஓலைகள் தகரம் தட்டுவது போல அடித்துக்கொள்ளும். காய் முற்ற ஆறேழு வருடம், கொட்டை 20 கிலோவுக்கு மேலும் போகும். புதுக்காய் கடலில் மூழ்கிவிடும். உள்ளீடு அழுகிய கூடுதான் மிதந்து மாலத்தீவுக் கரைகளில் ஒதுங்கும். மரத்தைக் கண்டவர் இல்லாததால் அது கடலுக்கடியில் காய்க்கிறது என்று நம்பினார்கள். 1768-ல் பிராலினில் மரத்தைக் கண்ட பிறகுதான் குட்டு வெளிப்பட்டது. சாதுக்களும் பக்கீர்களும் ஏந்திய கரிய பிச்சை ஓடுகளில் பல இந்தக் காய்தான். வாங்கினால் அரசுச் சான்றிதழோடு வாங்குங்கள்; இல்லாவிட்டால் விமான நிலையத்தில் பிடுங்கிவிடுவார்கள்.

எந்த மாதம் வரலாம்? விசா?

ஏப்ரல் அல்லது அக்டோபர். காற்று அடங்கி கடல் கண்ணாடி மாதிரி கிடக்கும். ஜனவரியில் மழை கொட்டும். விசா வேண்டாம், ஆனால் கிளம்பும் முன் ஆன்லைனில் பணம் கட்டிப் பயண அனுமதி வாங்க வேண்டும். லா திக் தீவுக்குப் படகில் போய் சைக்கிள் எடுத்துச் சுற்றுங்கள். கார் எடுக்க ஆசைப்பட்டால் மாஹேயின் மலைச்சாலைகளில் கவனம்: ஓரத்தில் சுவர் இருக்காது, பள்ளம்தான்.

கோயில்? சாப்பாடு?

விக்டோரியாவில் நவசக்தி விநாயகர் கோயில் இருக்கிறது, தைப்பூசத்துக்குக் காவடியும் உண்டு. மீன் சாப்பிடுகிறவருக்குக் கவலையே இல்லை. வௌவால் கறியும் கிடைக்கும். அது உங்கள் பாடு. சைவர்கள் கறிப்பலாவை நெருப்பில் சுட்டு வெண்ணெய் தடவித் தின்னுங்கள். அதைத் தின்றவர் இந்தத் தீவுக்குத் திரும்பி வருவார் என்பது உள்ளூர்ப் பேச்சு. நான் வந்த மூன்றாம் நாளே தின்றுவிட்டேன்.