பாமினிக் கோப்புக்காகப் போனை ரூட் செய்யலாமா?

பர்மாவின் தட்டோன் ஊரிலிருந்து அம்மன் கோயில் செயலாளர் ஒருவர் எழுதியிருக்கிறார். 2004-இல் தொடங்கி, கோயில் உறுப்பினர் பட்டியல், கல்யாணப் பதிவு, கோடை விடுமுறைத் தமிழ் வகுப்புக்கான தேவாரப் பாடத்தாள் என்று எல்லாவற்றையும் ஒரே கம்ப்யூட்டரில் டைப் செய்து வைத்தவர். போன மழைக்காலத்தில் அந்தக் கம்ப்யூட்டர் செத்துவிட்டது. கோப்புகள் பென்டிரைவில் பத்திரமாக இருக்கின்றன. ஆனால் புதுப் போனில் திறந்தால் தமிழைக் காணோம். வெறும் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும்தான். போன் கடைக்காரர், "ரூட் பண்ணி ஃபாண்ட் போட்டுத் தருகிறேன்" என்கிறாராம் (போனின் உள்பூட்டை உடைத்து எழுத்துருவை ஏற்றுவது). இன்னொருவர் பக்கத்துக்கு இவ்வளவு என்று காசு வாங்கிக்கொண்டு மாற்றித் தருவதாகச் சொல்கிறாராம். பேத்தியோ, "நானே மறுபடி டைப் செய்கிறேன் தாத்தா" என்கிறாளாம். யார் சொல்வதைக் கேட்பது என்பது கேள்வி.

ஐயா, மூன்று பேர் சொல்வதையும் கேட்க வேண்டாம். பேத்திக்கு மட்டும் வேறு வேலை இருக்கிறது, கடைசியில் சொல்கிறேன்.

உங்கள் கோப்பு கெடவில்லை, போனிலும் கோளாறு இல்லை. கடிதத்தோடு நீங்கள் அனுப்பிய படத்தில் முதல் வரி எம், கே, அரைப்புள்ளி, கே, டி, அரைப்புள்ளி என்று இருக்கிறது. அதைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, அது 'அம்மன்'. எழுத்துரு பாமினி. அந்தக் காலத்தில் பாமினியைச் செய்தவர்கள் ஆங்கில எழுத்துகள் இருந்த இடத்திலேயே தமிழ் உருவங்களை வரைந்து வைத்தார்கள். சின்ன எம் விசையைத் தட்டினால் திரையில் அ தெரியும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது எம்தான். இருபது வருஷமாக நீங்கள் சேமித்து வைத்தது தமிழ் வேஷம் போட்ட ஆங்கில எழுத்துகள். பாமினி இருந்த கம்ப்யூட்டரில் வேஷம் பொருந்தியது. புதுப் போனில் பாமினி இல்லை, வேஷம் கலைந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

கடைக்காரர் ஏன் ரூட், ரூட் என்கிறார்? அதற்கு ஒரு கதை இருக்கிறது. 2014-இல் இங்கே சிம் கார்டு 1500 கியாட்டுக்கு இறங்கியது. அதற்கு முன் லட்சங்களில் விற்ற பொருள். கம்ப்யூட்டரையே தொடாதவர்கள் நேராகப் போனுக்கு வந்தார்கள். போனில் பர்மிய எழுத்து தெரிய வேண்டும், பேஸ்புக் கணக்கு வேண்டும். இரண்டையும் செய்து கொடுத்தது கடைப் பையன்தான். அவன் போட்டது ஜோஜி எழுத்துரு. (ஜோஜி என்றால் பர்மியக் கதைகளில் வரும் மந்திரச் சித்தன். பெயர் பொருத்தம்தான்.) உலக மொழிகளின் எழுத்துகளுக்குத் தனித்தனி இடம் ஒதுக்கும் பொதுத் தரம் யுனிகோட். பர்மிய எழுத்து 1999-லேயே அதில் சேர்ந்துவிட்டது, 2008-இல் திருத்தமும் வந்தது. ஆனால் ஜோஜி அதே இடங்களைத் தன் இஷ்டத்துக்கு மாற்றிப் பயன்படுத்தியது. ஜோஜி போனில் யுனிகோட் குழம்பும், யுனிகோட் போனில் ஜோஜி குழம்பும். அப்போதெல்லாம் கடைக்காரர் கையில் இருந்த வழக்கமான வைத்தியம் போனை ரூட் செய்து ஃபாண்டை மாற்றுவது. 2019 அக்டோபர் 1 முதல் யுனிகோட் என்று தேதி குறித்து நாடு மாறத் தொடங்கியது. கடைக்காரரின் கைவைத்தியம் மாறவில்லை.

அந்த வைத்தியத்தை உங்கள் பாமினிக்குச் செய்தால் என்ன ஆகும் என்று சொல்கிறேன். ஜோஜி உட்கார்ந்திருந்தது பர்மிய எழுத்துகளின் இடத்தில். போனில் இருக்கும் ஆங்கிலத்தை அது தொடாது. பாமினி உட்கார்ந்திருப்பது ஆங்கில எழுத்துகளின் இடத்தில். போன் முழுவதற்கும் பாமினியைப் போட்டால், போனில் உள்ள ஆங்கிலம் அத்தனையும் தமிழ் உருவமாக மாறிவிடும். இப்படி ஒரு போனை என்னிடம் ஒருவர் கொண்டுவந்தார், ரங்கூனில் ஏதோ ஒரு கடையில் செய்தது. செட்டிங்ஸ் எங்கே, பேட்டரி எங்கே என்று ஒன்றும் படிக்க முடியவில்லை. மருமகன் பெயரை ஆங்கிலத்தில் சேமித்திருந்தார், அது யாரோ வேற்றுக்கிரகத்தவர் பெயர்போல் நின்றது. அதைச் சரிசெய்ய எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை போனது.

ரூட் செய்வது என்பது போனின் உள்பூட்டை உடைப்பது. பணம் அனுப்பும் ஆப்களும் வங்கி ஆப்களும் பூட்டு உடைந்த போனைக் கண்டால் பெரும்பாலும் திறக்க மாட்டேன் என்று நின்றுவிடும், நியாயமாகவே. பாதுகாப்பு அப்டேட்டும் ஒழுங்காக வராது. பூட்டை உடைத்த கையோடு கடைக்காரர் வேறு என்னென்ன ஆப்பை உள்ளே வைத்தார் என்பது உங்களுக்குத் தெரியவும் தெரியாது. நான்கு தேவாரப் பாட்டைப் படிப்பதற்காக வீட்டுச் சாவியைத் தெருவில் கொடுக்க வேண்டுமா?

பக்கத்துக்குக் காசு வாங்குகிறவர் செய்வது என்ன தெரியுமா? இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஒரு மாற்றியில் (பழைய எழுத்துருவை யுனிகோடாக்கும் கருவி) உங்கள் கோப்பை ஒட்டி, ஒரு பொத்தானைத் தட்டுவார். நூறு பக்கமானாலும் ஐந்து நிமிஷம். அதற்குப் பக்கக் கணக்கு! காசு போனாலும் போகட்டும் என்று விடலாம். உங்கள் உறுப்பினர் பட்டியலில் பெயர், முகவரி, அடையாள அட்டை எண், போன் எண் எல்லாம் இருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். அது அவர் கம்ப்யூட்டரில் தங்கிவிடும். அந்தப் பட்டியலை இணையதளம் எதிலும் நீங்களாகவும் ஏற்றாதீர்கள். இந்தக் காலத்தில், இந்த ஊரில், நூறு குடும்பங்களின் அடையாள எண் அப்படி அலைய வேண்டிய பொருள் இல்லை. இன்னொன்று: கடைக் கம்ப்யூட்டரில் சொருகிய பென்டிரைவ் வைரஸ் இல்லாமல் திரும்பி வந்ததை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன்.

சரி, செய்ய வேண்டியது. யாராவது சொந்தக்காரரின் விண்டோஸ் மடிக்கணினி ஒன்று இரண்டு நாளைக்குக் கிடைத்தால் போதும். முதலில் பென்டிரைவை அப்படியே இன்னொரு பென்டிரைவில் நகல் எடுத்துவிடுங்கள். மூலக் கோப்பில் கை வைக்காதீர்கள், எல்லா வேலையும் நகலில்தான். அப்புறம் ஒரு கோப்பைத் திறந்து, புரியாத எழுத்தின் மேல் கர்சரை வைத்து, மேலே எழுத்துருப் பெயர் காட்டும் பெட்டியைப் பாருங்கள். எழுத்துரு அந்தக் கணினியில் இல்லாவிட்டாலும் கோப்பு அதன் பெயரை நினைவில் வைத்திருக்கும். பாமினி என்று இருந்தால் நான் சொன்னது சரி. உங்களிடம் உள்ள சில கோப்புகள் வேறு யாரோ கொடுத்த சிடியிலிருந்து வந்தவை என்கிறீர்கள். அவற்றில் திஸ்கி, தாப், வானவில் என்று வேறு பழைய எழுத்துரு முறை ஏதாவது இருக்கலாம். அதனால் என்ன, பெயரைக் குறித்துக்கொண்டால் போதும், மாற்றும்போது அந்தப் பெயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பாமினி எழுத்துருவை அந்த மடிக்கணினியில் நிறுவிக்கொள்ளுங்கள். போனில் வேண்டாம் என்று சொல்லிவிட்டு இங்கே போடச் சொல்கிறேனே என்று நினைக்க வேண்டாம். விண்டோஸில் எழுத்துருவை நிறுவினால் அது பட்டியலில் ஒன்றாகச் சேருமே தவிர, மெனுக்களைத் தொடாது. கோப்புகள் பழையபடி தமிழாகத் தெரியும். தெரிந்ததும் ஒவ்வொன்றையும் பிடிஎஃப் ஆகச் சேமியுங்கள். பிடிஎஃபுக்குள் எழுத்துருவும் சேர்ந்தே போகும், அதனால் உங்கள் போனிலேயே நன்றாகப் படிக்கலாம். அதற்குள் தேடத்தான் முடியாது, நகலெடுத்தால் மறுபடி அரைப்புள்ளிதான் வரும். படிப்பதற்கு மட்டும் என்றால் வேலை இதோடு முடிந்தது. தேவாரத் தாளுக்கு இது போதும்.

உறுப்பினர் பட்டியலில் பெயர் தேட வேண்டும், சேர்க்க வேண்டும், நீக்க வேண்டும். அதை யுனிகோடுக்கு மாற்றியே ஆக வேண்டும். என்எச்எம் கன்வர்ட்டர் என்று ஒரு மென்பொருள், சென்னையில் செய்தது, இலவசம். கணினியில் நிறுவி இணையத்தைத் துண்டித்துவிட்டே பயன்படுத்தலாம். பாமினியிலிருந்து யுனிகோடுக்கு என்று தேர்ந்தெடுத்து ஒட்டினால் மாறிவிடும்.

ஆனால் இங்கே ஒரு இடம் இருக்கிறது, எல்லாரும் வழுக்கி விழும் இடம். இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

உங்கள் பட்டியலில் பெயர் தமிழிலும் முகவரி ஆங்கிலத்திலும் இருக்கிறது. மாற்றிக்கு இந்த வித்தியாசம் தெரியாது. அதற்கு எல்லாமே ஆங்கில எழுத்துதான். மொத்தமாக ஒட்டினால் உண்மையான ஆங்கிலத்தையும் பாமினி என்று நினைத்து மாற்றித் தள்ளிவிடும். பாமினியில் காற்புள்ளியின் இடத்தில் இருப்பது இ. அதனால் ஆங்கில முகவரியில் 12-க்குப் பிறகு காற்புள்ளி இருந்தால் அது '12இ' என்று ஆகும். தெருப்பெயர் என்ன மொழி என்றே தெரியாத ஒன்றாகிவிடும். இணையத்தில் பழைய தமிழ்ப் பக்கங்களில் வாக்கியத்துக்கு நடுவே காரணமில்லாமல் இ நிற்பதைப் பார்த்திருப்பீர்கள், அது இந்த விபத்தின் வடுதான். பக்கக் கணக்கில் மாற்றிக் கொடுத்த பட்டியல் ஒன்றை ஒருமுறை பார்த்தேன். அத்தனை முகவரியும் இப்படிப் போயிருந்தது. கொடுத்தவர் மூலக் கோப்பையும் அழித்துவிட்டிருந்தார்.

பட்டியல் எக்ஸலில் இருந்தால் சுலபம். தமிழ் இருக்கும் பத்தியை மட்டும் நகலெடுத்து மாற்றி, அதே இடத்தில் ஒட்டுங்கள். வேர்டில் கலந்து இருந்தால், ஒரு தமிழ்ச் சொல்லில் கர்சரை வைத்து, 'ஒரே மாதிரி வடிவமைப்புள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடு' என்ற கட்டளையைக் கொடுங்கள். முகப்புப் பட்டையின் வலது ஓரத்தில் இருக்கும். பாமினியில் உள்ளவை மட்டும் நிறம் மாறித் தெரியும், ஆங்கிலம் நிறம் மாறாது. எங்கெங்கே தமிழ் இருக்கிறது என்று அப்போது கண்ணுக்குத் தெரிந்துவிடும். பிறகு அந்தப் பகுதிகளை ஒவ்வொன்றாக எடுத்து மாற்றுங்கள். சலிப்பான வேலைதான், அவசரப்பட்டால் இ வரும். எங்காவது ஜோஜியில் பர்மிய வரி கலந்திருந்தால் அதைத் தனியே வெட்டி வையுங்கள், அதற்கு வேறு மாற்றி.

இவ்வளவையும் உங்களைச் செய்ய வைப்பது யார் என்று யோசித்தால் எனக்குக் கோபம்தான் வருகிறது. யுனிகோடின் முதல் பதிப்பிலேயே, 1991-இலேயே, தமிழுக்கு 128 இடம் ஒதுக்கியாகிவிட்டது. விண்டோஸ் 2000-இலேயே தமிழ் வேலை செய்தது. நீங்கள் 2004-இல் முதல் பெயரை டைப் செய்தபோதே ஒழுங்கான வழி இருந்தது! ஆனால் விண்டோஸ் எக்ஸ்பியில் அதை இயக்க சிடியைத் தேடி எடுத்துத் தனியாக நிறுவ வேண்டும். தட்டோனில் உங்களுக்கு அதை யார் வந்து சொன்னார்கள்? சென்னையில் 1999-இல் மாநாடு கூடித் தாம், தாப் என்று இரண்டு எழுத்துத் தரம் வைத்தார்கள். யுனிகோடைத் தரமாக ஏற்றுத் தமிழக அரசாணை வர 2010 ஆனது. அதற்குள் ஒவ்வொரு அச்சகமும் ஒவ்வொரு எழுத்துருவைக் கட்டிக்கொண்டு அழுதது. பர்மிய மொழிக்கு ஒரு தேதியாவது குறித்தார்கள். நமக்கு அதுவும் இல்லை. கடல் தாண்டிப் போன தமிழர்களின் பதிவேடுகளைப் பற்றி அந்த அறைகளில் யாரும் ஒரு நிமிஷம் நினைத்ததாகத் தெரியவில்லை. சரி, விடுங்கள்.

இனி டைப் செய்வது யுனிகோடில் இருக்கட்டும். உங்கள் விரல் பாமினி விசைப்பலகைக்குப் பழகிவிட்டது என்று கவலைப்பட்டிருந்தீர்கள். தமிழ் டைப் செய்ய உதவும் என்எச்எம் ரைட்டரில் பாமினி விசையமைப்பே இருக்கிறது. விரல் பழையபடி தட்டும், உள்ளே சேருவது யுனிகோட். போனில் கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகையில் தமிழைச் சேர்த்தால் போதும். எந்த ஃபாண்டும் போட வேண்டாம், யாரிடமும் போனைக் கொடுக்க வேண்டாம்.

பேத்திக்கு இப்போது வேலை. மாற்றி முடித்த பட்டியலில் கௌ, மௌ வருகிற பெயர்களை அவள் ஒவ்வொன்றாகப் பார்க்கட்டும். பாமினியில் கௌ என்பது கொம்பு, க, ள என்று மூன்று தட்டு. அதே மூன்று தட்டுதான் கெ-வும் ள-வும். மாற்றி எதைக் கண்டது? பல இடங்களில் கௌரி 'கெளரி' ஆகியிருப்பாள். கண்ணுக்கு இரண்டும் ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும், தேடினால் கிடைக்காது. அவள் முதலில் கெ-வையும் ள-வையும் சேர்த்துத் தேடிப் பார்க்கட்டும், பிறகு மெ-வையும் ள-வையும். ஆனால் மொத்தமாக மாற்று என்ற பொத்தானைத் தட்டிவிடக் கூடாது, நிஜமாகவே கெ-வும் ள-வும் சேர்ந்து வரும் சொற்கள் இருக்கின்றன. 'கெளுத்தி' மீனும் கெட்டுப்போகும். உங்கள் கோயிலில் எத்தனை கௌரி இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆடி மாதச் சந்தாவுக்கு முன்னால் அவள் முடித்துவிடுவாள்.