பந்தை விடும் கை: டென்பின் பௌலிங் கேள்வி பதில்

பந்தை உருட்டிப் பத்து பின்களை (நிற்கும் கட்டைகளை) வீழ்த்தும் டென்பின் பௌலிங் பற்றி கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சி வாசகர்கள் கேட்டவற்றில், கையும் மணிக்கட்டும் சம்பந்தப்பட்ட கேள்விகளுக்கு மட்டும் இம்முறை பதில் தருகிறோம். பதில்கள் வலது கைக்காரர்களை மனதில் வைத்து எழுதியவை. இடது கைக்காரர்கள் இடம் வலத்தை மாற்றிப் படித்துக்கொள்ளுங்கள்.

ஏனுங்க, பந்து வளையணும்னு மணிக்கட்டை நல்லாத் திருகித்தான் விடறேன். பம்பரமாட்டச் சுத்துது, ஆனா வளையவே மாட்டேங்குது. நேராப் போயி வலப்பக்கக் கட்டர்ல, அதான் ஓரத்துப் பள்ளத்துல விழுந்துடுது. எங்கீங்க தப்பு?
– கல்லூரி மாணவர், பீளமேடு

பம்பரம் என்று நீங்கள் சொன்னதிலேயே விடை இருக்கிறது. திருகலை முன்கூட்டியே தொடங்கிவிடுகிறீர்கள். அதனால் பந்தை விடும் நேரத்துக்குள் கை பந்தின் மேலே ஏறி, உள்ளங்கை தரையைப் பார்க்கிறது. அப்படி விட்ட பந்து ஒரு சின்ன வட்டத்தில் மட்டும் தரையைத் தொட்டுச் சுற்றும். உருளல் இல்லாததால் தரையில் பிடிமானம் கிடைக்காது.

பந்து உருளும் பலகைப் பாதையான லேனின் அமைப்பையும் பாருங்கள். ஃபவுல் கோட்டிலிருந்து (பந்தை விடுபவர் தாண்டக் கூடாத கோடு) முதல் பின் வரை 60 அடி. வழக்கமாக அதில் முதல் 40 அடி அளவுக்கு எண்ணெய் பூசியிருப்பார்கள். பந்து அங்கே வழுக்கிக்கொண்டு போய், கடைசியில் உலர்ந்த பலகையில்தான் பிடித்து வளைகிறது. முன்னோக்கிய உருளலும் பக்கச் சுழற்சியும் சேர்ந்திருந்தால்தான் அந்தப் பிடி கிடைக்கும்.

பந்தின் மூன்று துளைகளிலிருந்து விரல்கள் வெளியே வரும் வரிசைதான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. முதலில் கட்டைவிரல் வர வேண்டும். அதன் பிறகே நடுவிரலும் மோதிரவிரலும். கட்டைவிரல் கழன்றதும் பந்தின் முழு எடையும் ஒரு நொடிப்பொழுது அந்த இரண்டு விரல்களில் நிற்கும். சுழற்சி பிறப்பது அப்போதுதான். கட்டைவிரல் உள்ளே இருக்கும்வரை எவ்வளவு திருகினாலும் பந்து கையோடு சேர்ந்து திரும்புமே தவிர, விரலுக்கு மேல் உருளாது.

பந்தை மேலிருந்து பார்க்கும் கடிகாரமாக நினைத்துக்கொள்ளுங்கள். பின்கள் இருக்கும் பக்கம் 12, உங்கள் பக்கம் 6. கை கீழே இறங்கி வரும்போது இரண்டு விரல்களும் 6-இல், அதாவது பந்துக்குப் பின்னால் இருக்கட்டும். கட்டைவிரல் கழன்ற பிறகு அவை 5-ஐக் கடந்து 4 வரை வந்தால் போதும். 3-ஐத் தாண்டினால் கை மேலே ஏறிவிட்டது என்று அர்த்தம். இந்தத் திருப்பம் முன்கையிலிருந்து வர வேண்டும், மணிக்கட்டு மடங்கக் கூடாது, முழங்கை விலாவை விட்டு விலகக் கூடாது. விட்டு முடித்த கை, ஒருவருக்குக் கைகொடுக்க நீட்டியது போல நிற்கும்.

வீட்டு வாசலில் ஒரு பழைய வாலிபாலை வைத்தே இதைப் பழகலாம். கையைத் தாழ்த்தி, விரல்களால் உருட்டிவிட்டு முன்னால் எறியுங்கள். தரையில் பட்டதும் பந்து இடப்பக்கம் எகிறினால் கை சரி. பட்ட இடத்திலேயே சுற்றினால் மறுபடியும் பம்பரம்தான். லேனில் விளையாடும்போது முதல் 10 பந்துகளை ஓடி வராமல், இடது கால் முன்னால் வைத்து நின்ற இடத்திலிருந்தே விடுங்கள். எத்தனை பின் விழுந்தது என்று அப்போது கணக்குப் பார்க்காதீர்கள்.

நான் விட்டா பந்து 'தொம்'முனு லேன்ல விழுதுங்க. கட்டைவிரல் அடியும் கன்னிப் போகுது. எடை கம்மியான பந்து எடுத்தாலும் இப்படித்தான்.
– பனியன் கம்பெனி டெய்லர், திருப்பூர்

எடையைக் குறைத்தும் மாறவில்லை என்றால், கட்டைவிரல் துளையைத்தான் சந்தேகப்பட வேண்டும். விளையாடும் இடத்தில் எல்லோருக்கும் வைத்திருக்கும் பொதுப் பந்துகளில் துளை பெரிதாக இருந்தால், நழுவிவிடுமோ என்று கை தானாகவே இறுக்கிப் பிடிக்கும். இறுக்கிய கட்டைவிரல் தாமதமாகக் கழலும். அதற்குள் கை மேலே எழும்பிவிடுவதால் பந்து அந்தரத்திலிருந்து விழுகிறது.

பந்தைத் தேர்ந்தெடுக்கும்போது கட்டைவிரலை முழுதும் உள்ளே விட்டுச் சுற்றிப் பாருங்கள். சுற்றிலும் லேசாக உரச வேண்டும், ஆனால் பிடிக்கக் கூடாது. பிறகு கட்டைவிரல் உள்ளேயே இருக்க, நடுவிரலையும் மோதிரவிரலையும் துளைகளுக்குள் விடாமல் மேலே படுக்க வையுங்கள். இரண்டாவது கணுவின் ரேகை, துளையின் கட்டைவிரல் பக்க விளிம்பைச் சுமார் கால் அங்குலம் தாண்டி இருந்தால் அளவு சரி. ரேகை விளிம்பையே எட்டாவிட்டால் கை விரிந்து இழுபடும், கட்டைவிரல் சிக்கும். எடைக்கு ஒரு தோராயக் கணக்கு உண்டு: உடல் எடையில் பத்தில் ஒரு பங்கை உச்ச வரம்பாக வையுங்கள். 60 கிலோ ஆளுக்கு 6 கிலோ, ஏறக்குறைய 13 பவுண்டு. புதியவர் அதிலும் 2 பவுண்டு குறைப்பது நல்லது. பந்தின் மேலுள்ள எண் பவுண்டுக் கணக்கு.

கட்டைவிரலைத் துளைக்குள் மடக்காமல் நேராக வையுங்கள். பால் நிறைந்த தூக்குப்போசியைக் கொண்டுபோகும்போது கை எப்படித் தளர்ந்து தொங்குகிறதோ, அப்படியே பந்தும் தொங்கட்டும். அது இடது கணுக்காலைக் கடக்கும் நேரத்தில் கட்டைவிரல் கழன்றால், ஃபவுல் கோட்டுக்கு ஓரடி அப்பால் சத்தமில்லாமல் இறங்கும்.

உங்களுக்கு மட்டும் இன்னொன்று. நாள் முழுக்கத் தையல் மிஷினில் உழைக்கும் கை அது. கட்டைவிரலின் அடியில் தொடங்கி மணிக்கட்டு வரை வலி இழுத்தால், அது கன்றிப்போனதால் வரும் வலி மட்டும்தான் என்று நினைத்துத் தொடர்ந்து விளையாடாதீர்கள். நிறுத்திவிட்டு எலும்பு மருத்துவரைப் பாருங்கள். அந்தப் பக்கத் தசைநார் உறை வீங்கியிருந்தால், ஓய்வு கொடுக்காமல் ஆறுவது கடினம்.

மணிக்கட்டுக்குப் போடற பட்டை வாங்கலாமுங்களா?
– இல்லத்தரசி, ஈரோடு

வாங்கலாம், ஆனால் உடனே வேண்டாம். மணிக்கட்டு பின்னால் சாய்ந்தால் சுழற்சி போய்விடும். உள்பக்கம் குவிந்தால் சுழற்சி கூடும், ஆனால் அதைத் தாங்க வலு வேண்டும். புதியவருக்கு முன்கையும் புறங்கையும் ஒரே நேர்கோட்டில் இருப்பதே நல்லது. பட்டை அந்த நிலையைப் பிடித்துவைக்கும், வலுவை அது தராது. ஒரு லிட்டர் தண்ணீர் பாட்டிலை எடுத்து, முன்கையை மேசையில் ஊன்றி, உள்ளங்கை மேலே பார்க்க 12 முறை, கீழே பார்க்க 12 முறை மெதுவாக மடக்கி நீட்டுங்கள். ஒருநாள் விட்டு ஒருநாள் போதும். ஒரு மாதம் செய்த பிறகும் மணிக்கட்டு சாய்ந்தால் பட்டையை வாங்குங்கள்.

சுழற்சி கூடிருச்சான்னு எப்படிக் கண்டுபிடிக்கறதுங்க?
– தென்னந்தோப்பு விவசாயி, பொள்ளாச்சி

செல்போனே போதும். பந்தில் வெள்ளை டேப் ஒரு துண்டு ஒட்டி, நொடிக்கு 240 பிரேம் எடுக்கும் ஸ்லோமோஷனில் பின்னாலிருந்து படம் பிடிக்கச் சொல்லுங்கள். கையை விட்டதும் டேப் ஒரு முழுச் சுற்று வர எத்தனை பிரேம் ஆகிறது என்று எண்ணி, 14,400-ஐ அதால் வகுங்கள். 96 பிரேம் என்றால் நிமிடத்துக்கு 150 சுற்று, 48 என்றால் 300. ஒரு பந்தை வைத்து முடிவு செய்யாமல் ஐந்து பந்துகளின் சராசரியைக் குறித்துவையுங்கள். அதே படத்தை ஒவ்வொரு பிரேமாக நகர்த்தி, கட்டைவிரல் வெளியே வந்த பிறகும் மற்ற இரண்டு விரல்கள் பந்துக்குள் இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றும் ஒன்றாகக் கழன்றிருந்தால் திருப்பூர் வாசகருக்குச் சொன்ன துளைச் சோதனையிலிருந்து தொடங்குங்கள்.