மூன்று பேரும் பேசிவைத்து விலை ஏற்றுகிறார்கள், புகாரை எந்த நாட்டில் கொடுப்பது?

கேள்வி: நானும் என் தம்பியும் ஜொகூர் பாருவில் ஒன்று, சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் ஒன்று என்று இரண்டு வாழை இலைச் சாப்பாட்டுக் கடைகள் நடத்துகிறோம். உறைந்த ஆட்டிறைச்சியை மூன்று இறக்குமதியாளர்களிடம் வாங்குகிறோம். இரண்டு பேர் சிங்கப்பூர், ஒருவர் ஜொகூர். முன்பெல்லாம் ஒருவர் விலை ஏற்றினால் இன்னொருவரிடம் போவோம். இப்போது மூவரும் ஒரே வாரத்தில் ஒரே அளவு ஏற்றுகிறார்கள். ஜொகூர் கடைக்குச் சரக்கு கேட்டால் சிங்கப்பூர்க்காரர், "அது அவர் ஏரியா, நான் இறக்கக்கூடாதுன்னு பேசியிருக்கோம்" என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவே அனுப்புகிறார். ஆசியானில் புகார் கொடுக்கலாம் என்கிறார் ஒரு நண்பர். கொடுத்தால் சரக்கை நிறுத்திவிடுவார்களோ என்று பயமாக இருக்கிறது. இதற்கிடையில் எங்கள் உணவகக்காரர்கள் குழுவிலும் எல்லோரும் சேர்ந்து சாப்பாட்டு விலையை ஏற்றிவிடலாம் என்று பேச்சு. என்ன செய்வது?

பதில்: கடைசியில் போகிற போக்கில் சொன்னீர்களே, அந்தக் குழு விஷயம், அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன், ஏனென்றால் எனக்கு அதுதான் முதல் கவலை. "இதில் எனக்குச் சம்மதம் இல்லை, என் விலையை நானே வைத்துக்கொள்கிறேன்" என்று அந்தக் குழுவில் இன்றைக்கே எழுதிவிட்டு வெளியே வாருங்கள். பேசாமல் இருந்துவிட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், விலைப் பேச்சு நடந்த இடத்தில் மறுக்காமல் உட்கார்ந்திருந்தவரும் உடன்பட்டவராகவே பார்க்கப்படுவார். சின்ன வியாபாரிகளை யார் கேட்கப்போகிறார்கள் என்பதும் தப்பு. வியாபாரிகள் சேர்ந்து விலை பேசி வைப்பதைத் தடுக்கும் மலேசியாவின் போட்டிச் சட்டம் 2012 ஜனவரியில் அமலுக்கு வந்தது, அதே ஆண்டு அதன் கீழ் முதலில் மாட்டியவர்களே கேமரன் மலைப் பூ வியாபாரிகள் சங்கத்தினர்தான், பூ விலையைப் பத்து சதவீதம் ஏற்றச் சேர்ந்து முடிவெடுத்ததற்காக. அப்புறம் ஐஸ் தயாரிப்பாளர்கள் 24 பேர் சேர்ந்து விலை ஏற்றி 2015ல் 252,250 ரிங்கிட் அபராதம் வாங்கினார்கள். இறக்குமதியாளர்கள் மேல் புகார் கொடுக்கப் போகும் நீங்களே இன்னொரு கூட்டில் நின்றால், உங்கள் புகாரே உங்களைத் திருப்பி அடிக்கும்.

சரி, உங்கள் பிரச்சினைக்கு வருவோம். விலை ஒன்றாக ஏறியது மட்டும் குற்றமாகாது. ஆஸ்திரேலியாவில் ஆட்டு விலை கூடினால், வெள்ளி, அதாவது சிங்கப்பூர் டாலர் மதிப்பு மாறினால், மூவரும் யாரிடமும் பேசாமலேயே ஏற்றியிருக்கலாம், ஒருவர் ஏற்றியதைப் பார்த்து இன்னொருவர் ஏற்றுவதும் நடக்கும். அவர்களுக்குள் பேச்சு இருந்தது என்று காட்ட வேண்டும், அங்கேதான் முக்கால்வாசி புகார்கள் விழுந்துபோகின்றன. உங்களிடம் அந்தக் குரல் பதிவு இருக்கிறது. "பேசியிருக்கோம்" என்ற அந்த ஒரு வார்த்தைக்கு எவ்வளவு எடை என்று அனுப்பியவருக்கே தெரிந்திருக்காது. வாடிக்கையாளர்களைப் பங்கு பிரித்துக்கொள்வதை மலேசியச் சட்டத்தின் 4ஆம் பிரிவு விலையைப் பேசி வைப்பதற்குச் சமமாக வைக்கிறது, அதனால் சந்தை எவ்வளவு கெட்டது என்று தனியாக நிரூபிக்கத் தேவையில்லை. சிங்கப்பூரில் இதற்கு 34ஆம் பிரிவு. அந்தப் பதிவை அழிக்காமல் இன்னொரு இடத்திலும் சேமியுங்கள், அந்தக் கைப்பேசியை மாற்றாதீர்கள், இரண்டு வருட பில்களைத் தேதி வாரியாக அடுக்குங்கள், வாய்ப்பேச்சாகச் சொன்னதை அன்றே எழுதித் தேதி போடுங்கள். அவர்களிடம் போய் "எல்லாம் தெரியும்" என்று சண்டை போடவே கூடாது, மறுநாளே அவர்கள் பக்கத்தில் இருக்கும் செய்திகளெல்லாம் காணாமல் போய்விடும்.

இனி ஆசியான். உங்கள் நண்பர் நல்லெண்ணத்தில்தான் சொல்லியிருக்கிறார், ஆனால் ஆசியானில் புகார் வாங்குகிற போட்டி ஆணையமோ, வழக்கு கேட்கிற நீதிமன்றமோ கிடையாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பிரஸ்ஸல்ஸ் ஆணையம் பல நாட்டுக் கம்பெனிகளுக்கு நேரடியாக அபராதம் போடுவதைப் படித்துவிட்டு இங்கேயும் அப்படித்தான் என்று பலர் நினைக்கிறார்கள். இங்கே இருப்பது அதிகாரிகளுக்கு இடையிலான ஒத்துழைப்பு. 2007ல் போட்டி நிபுணர் குழு, 2010ல் பொது வழிகாட்டி நெறிகள், 2018ல் விசாரணை அதிகாரிகளுக்கான ஒரு வலையமைப்பு என்று படிப்படியாக வந்திருக்கிறது. 2021ல் கம்போடியாவும் சட்டம் இயற்றியதோடு அப்போதிருந்த பத்து உறுப்பு நாடுகளிலும் போட்டிச் சட்டம் வந்துவிட்டது. ஆசியான் நாடுகளும் சீனா, ஜப்பான் போன்ற நாடுகளும் சேர்ந்து போட்ட ஆர்சிஇபி வர்த்தக ஒப்பந்தத்தில் போட்டிக்கு என்றே ஓர் அத்தியாயம் இருக்கிறது, ஆனால் அந்த அத்தியாயத்தை வைத்து ஒரு நாடு இன்னொரு நாட்டின் மேல் வழக்காட முடியாது என்று அதிலேயே எழுதிவிட்டார்கள். நாடுகளுக்கே முடியாதபோது உங்களுக்கும் எனக்கும் அதில் வாசல் ஏது.

முடிவுகளும் நாட்டுக்கு நாடு மாறும். 2018ல் வாடகைக் கார் செயலி ஊபர் தன் தென்கிழக்காசிய வியாபாரத்தைப் போட்டியாளரான கிராபிடம் விற்றது நினைவிருக்கும். அந்த ஒரே விற்பனைக்காக சிங்கப்பூர் இரண்டு கம்பெனிகளுக்கும் சேர்த்து சுமார் 1.3 கோடி வெள்ளி அபராதம் போட்டது, இடைக்கால நிபந்தனைகளை மீறியதற்காக பிலிப்பீன்ஸ் 1.6 கோடி பெசோ விதித்தது, வியட்நாம் விசாரித்துவிட்டு மீறல் இல்லை என்றது. ஒத்துழைப்பு இன்னும் வலுவாக வேண்டும் என்று நான் கத்துவது இதனால்தான், எல்லை தாண்டிக் கூட்டு வைப்பவனுக்கு ஒரு மணி நேர கார் பயணம் போதும், அவனால் நட்டப்பட்டவர் மட்டும் இரண்டு ஆணையங்களின் படி ஏற வேண்டியிருக்கிறது.

அதனால் நீங்கள் இரண்டு இடத்திலும் புகார் கொடுங்கள். ஜொகூர் கடையின் நட்டத்துக்கு மலேசியப் போட்டி ஆணையம், அதாவது மைசிசி. பேச்சு சிங்கப்பூரில் நடந்தது, கம்பெனி சிங்கப்பூர் என்பதெல்லாம் தடையாகாது, வெளிநாட்டில் செய்த காரியம் மலேசியச் சந்தையைப் பாதித்தாலும் சட்டம் பாயும் என்று 3ஆம் பிரிவு சொல்கிறது. தம்பி கடையின் நட்டத்துக்கு சிங்கப்பூர்ப் போட்டித்தன்மை, பயனீட்டாளர் ஆணையம்.

இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகப் படியுங்கள். நீங்கள் ஓர் ஆணையத்திடம் கொடுக்கும் ரகசியத் தகவலை அது நினைத்தபடி அடுத்த நாட்டு ஆணையத்திடம் தூக்கிக் கொடுக்க முடியாது, இரண்டு சட்டங்களிலும் ரகசியக் காப்பு விதிகள் இருக்கின்றன. அந்தத் தடையை நீக்கும் எளிய வழி உங்கள் கையெழுத்து. "என் புகாரையும் ஆதாரங்களையும் மற்ற ஆணையத்துடன் பகிர்ந்துகொள்ள எனக்குச் சம்மதம்" என்று ஒப்புதல் கடிதம் எழுதி இரண்டு புகாருடனும் இணையுங்கள், எந்தெந்த ஆவணம் என்று அதில் பட்டியலிடுங்கள், அடுத்த நாட்டிலும் புகார் கொடுத்திருப்பதை மறைக்காமல் சொல்லுங்கள். மாநாட்டு மேடையில் பேசப்படும் ஒத்துழைப்பு உங்களைப் போன்ற ஒருவருக்குப் பயன்படத் தொடங்குவது இந்த ஒரு பக்கக் கடிதத்தில்தான், அதை எழுத மறந்துவிட்டு இரண்டு ஆணையமும் ஏன் பேசிக்கொள்ளவில்லை என்று கோபப்பட்டுப் பயனில்லை.

சரக்கை நிறுத்திவிடுவார்களோ என்ற பயம் நியாயமானது, அதை நான் சின்னதாக்க மாட்டேன். உங்கள் பெயரை ரகசியமாக வைக்கும்படி புகாரிலேயே கேளுங்கள். புகார் கொடுத்தவரை மிரட்டுவதும் பழிவாங்குவதும் மலேசியச் சட்டத்தில் தனிக் குற்றம். ஆனாலும் அந்தக் குரல் பதிவு வெளியே வந்தால் யாருக்கு அனுப்பியது என்று அவர்கள் ஊகித்துவிடலாம், அதனால் புகாருக்கு முன்பே நான்காவதாக ஒரு சப்ளையரைத் தேடி வையுங்கள்.

எவ்வளவு நாளாகும் என்று கேட்பீர்கள். சிங்கப்பூர்க் கோழி வழக்கு உங்களுடையதற்கு ரொம்ப நெருக்கம். அங்கே விநியோகஸ்தர்கள் விலை ஏற்றத்தைப் பேசி வைத்ததோடு ஒருவர் வாடிக்கையாளரை இன்னொருவர் தொடுவதில்லை என்றும் ஒப்பந்தம் வைத்திருந்தார்கள். பெயர் வெளியிடாத ஒருவர் கொடுத்த தகவலில் 2014ல் விசாரணை தொடங்கி, 2018 செப்டம்பரில் 13 பேருக்குச் சுமார் 2.69 கோடி வெள்ளி அபராதம் விதிக்கப்பட்டது. நாலு வருடத்துக்கு மேல். அந்தப் பொறுமைக்குத் தயாராகுங்கள்.

அபராதப் பணம் உங்களுக்கு வராது. நட்டஈடு வேண்டுமென்றால் தனி சிவில் வழக்குதான். மலேசியாவில் 64ஆம் பிரிவு, மீறலால் நேரடியாக நட்டப்பட்ட யாருக்கும் வழக்குப் போட உரிமை தருகிறது. சிங்கப்பூரில் ஆணையம் மீறல் என்று முடிவு செய்து, மேல்முறையீடும் முடிந்த பிறகே தம்பி நீதிமன்றம் போக முடியும், அதற்கும் இரண்டு வருடக் கெடு உண்டு. இறைச்சிக்கு நீங்கள் கூடுதலாகக் கொடுத்தது மாதம் சில ஆயிரம்தான் என்றால் வழக்குச் செலவு அதைத் தின்றுவிடும், கணக்குப் போட்டுவிட்டு முடிவெடுங்கள்.

அதற்குமுன் இரண்டு கடையும் யார் பெயரில் பதிவாகியிருக்கிறது என்று பாருங்கள். தனித்தனிக் கம்பெனி என்றால் ஜொகூர் புகார் உங்கள் கம்பெனி பெயரிலும் சிங்கப்பூர் புகார் தம்பியின் கம்பெனி பெயரிலும் போக வேண்டும், ஒப்புதல் கடிதத்தில் இருவருமே கையெழுத்துப் போட வேண்டும்.