கேட் இல்லாத தனியார் பல்கலைக்கழகம்

கலிஃபோர்னியாவில் சன்னிவேலுக்கு வந்து இரண்டு மாதம் ஆகிறது, ஊரிலிருந்து அப்பா அம்மா வருகிறார்கள், ஸ்டான்ஃபோர்டைச் சுற்றிக் காட்டலாமா, தனியார் பல்கலைக்கழகம் ஆயிற்றே, உள்ளே விடுவார்களா என்று கேட்டிருந்தீர்கள், தம்பி.

தாராளமாகப் போகலாம். நானும் வந்த புதிதில் கேட், வாட்ச்மேன், கையெழுத்து நோட்டு எல்லாம் இருக்கும் என்று நினைத்துத் தயங்கியவன்தான். வகுப்பறை, விடுதி தவிர வெளியில் எங்கேயும் நடக்கலாம்.

காரை எடுக்காதீர்கள். கால்ட்ரெயின் என்கிற ரயிலில் பாலோ ஆல்டோ நிலையத்தில் இறங்கினால் நேரே பனைமரச் சாலை, ஒன்றரை கிலோமீட்டர் நடை. அப்பாவுக்கு மூட்டுவலி என்றால் மார்கரீட் என்கிற இலவச பஸ் இருக்கிறது. சனி ஞாயிறில் குறைவு, நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். மார்கரீட் ஒரு குதிரையின் பெயர். இடமே ரயில் முதலாளி லீலண்ட் ஸ்டான்ஃபோர்டின் குதிரைப் பண்ணையாக இருந்ததுதான். இன்றும் 'பண்ணை' என்றே சொல்வார்கள்.

அவருடைய ஒரே மகன் 1884இல் இத்தாலியில் டைஃபாய்டு வந்து இறந்தான். வயது 15. அவன் நினைவாகப் பல்கலைக்கழகத்தை 1885இல் நிறுவி, 1891இல் வகுப்புகளைத் தொடங்கினார்கள். ஆரம்பத்தில் கல்விக் கட்டணமே கிடையாது. (இன்றைய கட்டணத்தை அப்பாவிடம் சொல்லிவிடாதீர்கள்.) 1893இல் லீலண்டும் போய்விட, சொத்து வழக்கில் முடங்கியது. மனைவி ஜேன் தன் வீட்டுச் செலவுக்குக் கிடைத்த பணத்தில் பேராசிரியர்களுக்குச் சம்பளம் கொடுத்துச் சமாளித்தார். அந்த அம்மா இல்லையென்றால் அப்போதே இழுத்து மூடியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

நிலம் 8,180 ஏக்கர். அதை விற்கக் கூடாது என்று கொடைப் பத்திரத்திலேயே எழுதிவிட்டார்கள். அதனால் 1950களில் பணம் தேவைப்பட்டபோது குத்தகைக்கு விட்டார்கள். தொழிற்பேட்டை வந்தது இப்படித்தான். பக்கத்திலிருக்கும் ஷாப்பிங் சென்டர்கூடப் பல்கலைக்கழக மண்தான்.

வளாகத்திலிருக்கும் தேவாலயத்தைப் பார்க்கும்போது மேலே கோபுரம் இல்லையே என்று அம்மா கேட்பார்கள். 1906 பூகம்பத்தில் விழுந்தது, திரும்பக் கட்டவில்லை. பிரெஞ்சுச் சிற்பி ரோடினின் சிற்பங்கள் இருக்கிற கேன்டர் அருங்காட்சியகத்துக்கும் டிக்கெட் கிடையாது.

அப்புறம், அருங்காட்சியகத்துக்கு அருகே மரங்களுக்குள் ஒரு கல்லறை மண்டபம் இருக்கிறது. லீலண்ட், ஜேன், அவர்கள் பிள்ளை மூவரும் அங்கேதான். என் அம்மா வந்திருந்தபோது மற்றதையெல்லாம் சும்மா பார்த்துக்கொண்டே வந்தவர், அங்கே மட்டும் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றார்.