ஸ்மியர்ல ‘ஸ்மட்ஜ் செல்’னு வந்திருக்கு, பயப்படணுமா?

கேள்வி: அம்மாவுக்கு 58 வயசு. ரெண்டு வாரமா ஒரே அசதின்னு ரத்தம் டெஸ்ட் பண்ணோம். வெள்ளை அணு 8,200, அதுல லிம்போசைட்ங்கற வகை 28 பர்சன்ட், எல்லாம் நார்மல்னுதான் இருக்கு. ஆனா ஸ்மியர் ரிப்போர்ட்ல கடைசி வரியில ‘சில ஸ்மட்ஜ் செல்கள் தெரிகின்றன’னு போட்டிருக்காங்க. நெட்ல தேடினா நேரா ரத்தப் புற்றுநோய்னு வருது. ரெண்டு நாளா எனக்குத் தூக்கமே இல்லம்மா.

பதில்: முதல்ல கொஞ்சம் மூச்சு விடும்மா. ஸ்மட்ஜ் செல்ங்கறது ஒரு வியாதியோட பேரு இல்ல, உடைஞ்சுபோன ஒரு வெள்ளை அணு, அவ்வளவுதான். ஸ்மியர் எப்படிப் போடுறாங்கன்னா, கண்ணாடி ஸ்லைடு மேல ஒரு சொட்டு ரத்தம் வச்சு இன்னொரு ஸ்லைடால சாய்ச்சுத் தள்ளி மெல்லிசா இழுப்பாங்க, அந்த இழுப்புல சில அணுக்கள் நசுங்கி உள்ள இருக்கற நியூக்ளியஸ் மட்டும் கறை மாதிரி பரவிக் கிடக்கும், அதைத்தான் எழுதியிருக்காங்க. நல்ல ஆரோக்கியமா இருக்கறவங்க ஸ்லைடுலயும் ஒண்ணு ரெண்டு இருக்கும், ரத்தம் எடுத்து ரொம்ப நேரம் டியூப்லயே கிடந்தா இன்னும் கூடும்.

அப்புறம் ஏன் நெட்டு பயமுறுத்துது? சி.எல்.எல்.னு மெதுவா வளர்ற ஒரு ரத்தப் புற்றுநோய்ல லிம்போசைட்டுக்கு உள்ள தாங்கிப் பிடிக்கற விமென்டின்ங்கற புரோட்டீன் பல சமயம் குறைவா இருக்கும், அதனால இழுக்கும்போது பொலபொலன்னு உடைஞ்சு ஸ்லைடு பூரா ஸ்மட்ஜா தெரியும். ஆனா அதுல லிம்போசைட் எண்ணிக்கையும் ஏறி நிக்கும், அதுல ஒரு வகையான பி லிம்போசைட் மட்டுமே 5,000க்கு மேல, அதுவும் மூணு மாசமா குறையாம இருக்கணும், அதுக்கப்புறமும் ஃப்ளோ சைட்டோமெட்ரின்னு அணுக்களை வகை பிரிச்சுப் பாக்கற டெஸ்ட் பண்ணித்தான் உறுதி பண்ணுவாங்க. உங்க அம்மாவுக்கு மொத்த லிம்போசைட்டே கணக்குப் போட்டா சுமார் 2,300தான் வருது. அந்த ஒரு வரியை வச்சு யாரும் புற்றுநோய்னு சொல்ல மாட்டாங்க. ‘பிளாஸ்ட்’னு, அதாவது முதிராத இளம் அணுக்கள் இருக்குன்னு எழுதியிருந்தாதான் ஒரு நாள்கூடத் தள்ளிப் போடக்கூடாது, இது அது இல்ல.

மனசு ஆறலைன்னா புதுசா ரத்தம் கொடுத்து, எடுத்த உடனே ஸ்லைடு போடச் சொல்லுங்க. ரத்தத்தோட கொஞ்சம் ஆல்புமின்ங்கற புரோட்டீன் கலந்து இழுத்தா அணுக்கள் அவ்வளவா உடையாது, இது லேப்ல இருக்கறவங்களுக்குத் தெரிஞ்ச முறைதான்.

எனக்கு இதைவிடப் பெருசாப் படறது அந்த அசதிதான். ஹீமோகுளோபின் எவ்வளவுன்னு நீங்க எழுதவே இல்லையேம்மா. அதையும் தைராய்டு, சுகர் ரெண்டையும் டாக்டர்கிட்ட கேட்டுப் பாத்துடுங்க.