5600-ஐ 5600எக்ஸ் ஆக்கலாம், 5800எக்ஸ் ஆக்க முடியாது

கேள்வி: குடியாத்தத்தில் கல்யாண வீடியோ எடிட்டிங் செய்கிறேன். ரைசன் 5 5600, பி450 போர்டு, ஒரே ஒரு 16 ஜிபி 2666 ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 450 வாட் எஸ்.எம்.பி.எஸ். (பவர் சப்ளை). கூலர் பிராசஸரோடு வந்ததுதான். ஓவர்கிளாக் செய்தால் (கம்பெனி வைத்த வேகத்தைவிடக் கூட்டி ஓட்டினால்) 5600எக்ஸ் வேகம் வரும், 5800எக்ஸையே தொடலாம் என்கிறார்கள். உண்மையா சார்? என் கடை மாடியில், ஷீட் கூரைக்குக் கீழே இருக்கிறது. மே மாதம் தாங்குமா?

பதில்: பாதி உண்மை. 5600-ம் 5600எக்ஸும் ஒரே சில்லில் பிறந்தவை. இரண்டிலும் 6 கோர், 12 த்ரெட், 32 எம்பி எல்3 கேஷ். 5600-இன் உச்ச வேகம் 4.4 கிகாஹெர்ட்ஸ், 5600எக்ஸுக்கு 4.6. இடையில் இருப்பது 200 மெகாஹெர்ட்ஸ். பயாஸில் (விண்டோஸுக்கு முன் வரும் போர்டின் செட்டிங் திரையில்) நீங்கள் கூட்டிக்கொள்ள ஏஎம்டி விடும் அளவும் அதே 200 மெகாஹெர்ட்ஸ்தான். ஆகவே 5600எக்ஸ் உங்கள் கைக்கு எட்டும்.

5800எக்ஸ் வேறு கதை. அதில் 8 கோர். சினிபெஞ்ச் ஆர்23 சோதனையில் எல்லா கோரும் ஓடும்போது 5600 சுமார் 11,000 புள்ளி எடுக்கும், 5800எக்ஸ் சுமார் 15,000 எடுக்கும். இல்லாத இரண்டு கோரை எந்த செட்டிங்கும் கொண்டுவராது.

மலிவான பிராசஸரை விலை உயர்ந்ததற்குச் சமமாக ஓட்டலாம் என்ற நம்பிக்கைக்குப் பழைய அடிப்படை உண்டு. 1998-இல் வந்த செலரான் 300ஏ, பஸ் வேகத்தை 66-லிருந்து 100 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றினாலே 300-லிருந்து 450 மெகாஹெர்ட்ஸுக்குத் தாவியது. பல மடங்கு விலை கொண்ட பென்டியம் 2-க்குப் பக்கத்தில் நின்றது. அன்று கம்பெனி அவ்வளவு இடம் விட்டு வைத்திருந்தது. இன்றைய ரைசன் அந்த இடத்தைத் தானே பயன்படுத்திக்கொள்கிறது. வெப்பமும் மின்சாரமும் இடம் கொடுக்கும்வரை வேகத்தை நொடிக்கு நொடி ஏற்றும், இடமில்லை என்றால் இறக்கும். எனவே உங்கள் வேலை வேகத்தை ஏற்றுவது அல்ல, அது ஏறுவதற்கு இடம் கொடுப்பது.

வேலூர்ப் பக்கம் அந்த இடத்தைப் பறிப்பது வெயில். கத்திரியில் வெளியே 40 டிகிரியைத் தாண்டும்போது ஷீட் கூரை அறை மத்தியானம் அதற்குக் குறையாது. அறை எத்தனை டிகிரி ஏறுகிறதோ, ஏறக்குறைய அத்தனை டிகிரி பிராசஸரும் ஏறும். மார்கழியில் 25 டிகிரி அறையில் 75 காட்டும் பிராசஸர், வைகாசியில் 40 டிகிரி அறையில் 90 காட்டும். 5600-க்கு ஏஎம்டி வைத்திருக்கும் எல்லையே 90 டிகிரிதான். அதிலும் வைகாசி முகூர்த்த மாதம். உங்களுக்கு வேலை அதிகமாக வரும் நேரமும் அறை அதிகமாகக் கொதிக்கும் நேரமும் ஒன்று. குளிர்காலத்து இரவில் சோதித்து, நன்றாக ஓடுகிறது என்று விட்டுவிட்டால் மே மாதம் காலை வாரிவிடும்.

பயாஸைத் திறக்கும் முன் ரேமைச் சரிசெய்யுங்கள். இன்றைய நிலையில் உங்கள் கணினியின் முதல் முட்டுக்கட்டை அதுதான். ஒற்றை 2666 ரேம் நொடிக்கு அதிகபட்சம் 21 ஜிபி அளவுக்குத்தான் தரவை அனுப்பும். இரண்டு 3200 ரேம் சேர்ந்தால் 51 ஜிபி. இருக்கும் ரேமோடு வேறு கம்பெனி ரேமைச் சேர்ப்பதைவிட, ஒரே பெட்டியில் ஜோடியாக வரும் 3200 அல்லது 3600 கிட் வாங்குங்கள், பழையதைக் கைமாற்றி விடலாம். போர்டில் நான்கு ஸ்லாட் இருந்தால், பிராசஸரிலிருந்து எண்ணி இரண்டாவதிலும் நான்காவதிலும் போட வேண்டும். பிறகு பயாஸில் எக்ஸ்எம்பியை ஆன் செய்யுங்கள் (ஆசஸ் போர்டில் டிஓசிபி, எம்எஸ்ஐயில் ஏ-எக்ஸ்எம்பி என்று இருக்கும்). செய்யாவிட்டால் 3600 ரேமும் 2666 அல்லது அதற்கும் கீழேதான் ஓடும். 3600 என்றால் எஃப்கிளாக் (பிராசஸருக்குள் தரவு ஓடும் பாதையின் வேகம்) 1800-இல் நிற்கிறதா என்று பாருங்கள். நிலையாக நிற்கவில்லை என்றால் 3200-க்கு இறங்கி எஃப்கிளாக்கை 1600-இல் வையுங்கள். ரேமும் எஃப்கிளாக்கும் ஒன்றுக்கொன்று பொருந்தி ஓடுவதுதான் முக்கியம்.

அடுத்தது கூலர். பெட்டியில் வந்த சின்ன கூலரோடு ஓவர்கிளாக் வேண்டாம். நான்கு ஹீட்பைப், 120 மிமீ ஃபேன் உள்ள ஒற்றை டவர் கூலர் சுமார் 2,000 ரூபாய்க்குக் கிடைக்கும். உயரம் 150 மிமீ அளவில் இருக்கும் என்பதால் கேபினெட்டின் உள் அகலத்தை முதலில் அளந்துகொள்ளுங்கள்.

பழைய கூலரைக் கழற்றுவதில்தான் நிறைய பேர் பிராசஸரைப் பாழாக்குகிறார்கள். ஏஎம்4 பிராசஸரின் அடியில் மெல்லிய பின்கள் உண்டு. இறுகிப்போன பேஸ்ட் கூலரையும் பிராசஸரையும் ஒட்டி வைத்திருக்கும். நேராக மேலே இழுத்தால், லாக் போட்டிருக்கும்போதே பிராசஸர் சாக்கெட்டிலிருந்து பிடுங்கிக்கொண்டு வரும், பின்கள் வளையும். ஆகவே பத்து நிமிடம் சினிபெஞ்ச் ஓட்டி பேஸ்ட்டை இளக விடுங்கள். கணினியை அணைத்து, பிளக்கைப் பிடுங்கி, நான்கு ஸ்க்ரூவையும் குறுக்கு வரிசையில் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்த்துங்கள். பின்பக்கத் தகடு அந்த ஸ்க்ரூக்களைப் பிடித்துத்தான் நிற்கிறது. ஒரு கையால் அதைத் தாங்கிக்கொள்ளுங்கள். பிறகு கூலரை இடமும் வலமும் மெதுவாகத் திருகுங்கள். வழுக்கும் உணர்வு வந்த பிறகே தூக்க வேண்டும். பழைய பேஸ்ட்டை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியால் துடைத்து, நடுவில் பட்டாணி அளவு புது பேஸ்ட் வைத்தால் போதும்.

டவர் கூலர் போட்டதும் ஒரு புதுச் சிக்கல் வரும், கடைக்காரர்கள் பெரும்பாலும் இதைச் சொல்வதில்லை. பழைய கூலர் காற்றைக் கீழ்நோக்கி ஊதியதால் சுற்றியிருந்த விஆர்எம் பாகங்களுக்கும் (பிராசஸருக்கு மின்சாரத்தைச் சீராக்கித் தருபவை) காற்று கிடைத்தது. டவர் கூலர் காற்றைப் பின்பக்கம் தள்ளிவிடும். மலிவான பி450 போர்டுகள் சிலவற்றில் விஆர்எம் மேல் ஹீட்சிங்க்கே இருக்காது. பிராசஸர் 70 டிகிரியில் சுகமாக இருக்க, விஆர்எம் 100-ஐத் தாண்டி போர்டு தானாக வேகத்தைக் குறைக்கும். பின்பக்கம் ஒரு 120 மிமீ எக்ஸாஸ்ட் ஃபேன் கட்டாயம் போடுங்கள். எச்டபிள்யூஇன்ஃபோ மென்பொருளில் விஆர்எம் வெப்பம் தனி வரியாகத் தெரிந்தால் அதையும் கவனித்துக்கொண்டே இருங்கள்.

இப்போது பயாஸ். கர்வ் ஆப்டிமைசர் என்ற மெனு தெரியவில்லை என்றால் பயாஸ் பழையது, புதுப்பிக்க வேண்டும். கரண்ட் கட் ஆகாத நேரம் பார்த்து, யூபிஎஸ்ஸில் இணைத்துத்தான் செய்ய வேண்டும். பாதியில் மின்சாரம் போனால் போர்டு எழுந்திருக்காது.

ஏஎம்டி ஓவர்கிளாக்கிங் பகுதிக்குள் பிபிஓவை (பிராசஸரின் வேக வரம்புகளைத் தளர்த்தும் வசதி) அட்வான்ஸ்டில் வையுங்கள். லிமிட்ஸை (பிராசஸர் இழுக்கும் மின்சாரத்தின் வரம்புகள்) மேனுவலாக்கி பிபிடி 100 வாட், டிடிசி 70 ஆம்பியர், ஈடிசி 105 ஆம்பியர் கொடுங்கள். கம்பெனி அளவு 76, 60, 90. போர்டில் விஆர்எம் ஹீட்சிங்க் இல்லை என்றால் கம்பெனி அளவிலேயே விட்டுவிடுங்கள். லிமிட்ஸில் மதர்போர்டு என்ற தேர்வு எந்த போர்டிலும் வேண்டாம், அது அணையைத் திறந்துவிடும். ஸ்கேலர் 1எக்ஸ், பூஸ்ட் ஓவர்ரைடு 200, தெர்மல் லிமிட் 85 டிகிரி.

கர்வ் ஆப்டிமைசரில்தான் விஷயமே இருக்கிறது. அதில் நெகடிவ் எண் கொடுத்தால், அதே வேகத்துக்கு பிராசஸர் குறைந்த வோல்டேஜ் கேட்கும். ஒரு எண்ணுக்கு 3 முதல் 5 மில்லிவோல்ட் குறையும். வோல்டேஜ் குறைந்தால் வெப்பம் குறையும், வெப்பம் குறைந்தால் வேகம் தானாக ஏறும். எல்லா கோருக்கும் நெகடிவ் 10-இல் தொடங்குங்கள். அதில் நிலையாக ஓடினால் 15, பிறகு 20. ரைசன் மாஸ்டரில் நட்சத்திரக் குறி உள்ள கோர் கம்பெனியே சிறந்தது என்று தேர்ந்தது. அதற்கு ஏற்கெனவே வோல்டேஜ் இறுக்கமாக இருப்பதால் மற்றதைவிடக் குறைவாகத்தான் தாங்கும். மற்றவை 20-இல் நின்றாலும் அதை 10-இல் விட்டுவிடுவது நல்லது.

சோதனையில் ஒரு மயக்கம் உண்டு. சினிபெஞ்ச் பத்து நிமிடம் ஓடிவிட்டால் எல்லாம் சரி என்று நினைத்துவிடுவார்கள். எல்லா கோரும் உழைக்கும்போது வேகம் குறைவாக இருப்பதால் வோல்டேஜ் போதும். சும்மா பிரவுசரைத் திறக்கும்போது ஒரே கோர் 4.6-க்குத் தாவும், அங்கேதான் வோல்டேஜ் பற்றாமல் கணினி சட்டென்று ரீஸ்டார்ட் ஆகும். அதனால் கோர்சைக்ளர் என்ற இலவசக் கருவியை இரவு முழுக்க ஓட விடுங்கள். ஒவ்வொரு கோராக அழுத்திப் பார்த்து, பிழை செய்யும் கோரின் எண்ணைக் காட்டும். ரீஸ்டார்ட் ஆனால் விண்டோஸின் ஈவென்ட் வியூவரில் டபிள்யூஎச்இஏ லாகர் பதிவைத் திறந்து, ஏபிஐசி ஐடி எண்ணைப் பாருங்கள். அதை இரண்டால் வகுத்தால் கோர் எண். 7 என்றிருந்தால் மூன்றாம் எண் கோர் (எண்ணிக்கை பூஜ்யத்தில் தொடங்கும்). அந்தக் கோருக்கு மட்டும் 5 எண் தளர்த்துங்கள்.

போர்டோடு வரும் ஒரே கிளிக் ஓவர்கிளாக் மென்பொருள்களைத் தொடவே வேண்டாம், வோல்டேஜை அள்ளிக் கொடுத்துவிடும். எல்லா கோரையும் 4.6, 1.35 வோல்ட் என்று கையால் பூட்டி வைப்பதும் இந்த ஊருக்கு ஆகாது. வெயிலுக்கு ஏற்பத் தன்னைக் குறைத்துக்கொள்ளும் குணத்தை பிராசஸர் அங்கே இழந்துவிடும். மற்றபடி, லேசான வேலையில் 1.4 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் பயப்பட வேண்டாம், ஒரு கோருக்கு அது இயல்பு. ஓவர்கிளாக்கால் பழுதானால் பிபிஓவையும் சேர்த்து ஏஎம்டி வாரன்டி கிடையாது என்பதையும் தெரிந்துகொண்டு இறங்குங்கள். செட்டிங் தவறி டிஸ்ப்ளே வராமல் போனால், பிளக்கைப் பிடுங்கி, சிமாஸ் பேட்டரியை ஐந்து நிமிடம் கழற்றி மாட்டினால் பழைய நிலைக்கு வந்துவிடும்.

எஸ்.எம்.பி.எஸ். பெயருள்ள கம்பெனியின் 450 வாட் என்றால் போதும். பிராசஸர் 100, கார்டு 75, மற்றவை 50 என்று பார்த்தாலும் 225 வாட்தான். கேபினெட்டோடு இலவசமாக வந்த பெட்டி என்றால் முதலில் அதை மாற்றுங்கள்.

இந்த வேலையை ஆடி மாதத்தில், முகூர்த்தம் இல்லாத நாட்களில் வைத்துக்கொள்ளுங்கள். ஆர்டர் கையில் இருக்கும்போது கணினியைப் பிரிக்க வேண்டாம். ஆடியில் முழு லோடில் 72 டிகிரிக்கு மேல் போகாதபடி அமைத்தால் கத்திரிக்கு இடம் மிச்சம் இருக்கும். பங்குனியில் தூசியைத் தட்டுங்கள், ஃபேன் இறக்கையை விரலால் பிடித்துக்கொண்டு புளோயர் அடிக்க வேண்டும்.

பலன் எவ்வளவு? ஒரு கோர் வேகத்தில் 4 முதல் 5 சதவீதம். பிராசஸரையே நம்பி ஒரு மணி நேரம் ஓடும் எக்ஸ்போர்ட் 57 நிமிடம் ஆகும். பிரீமியரில் ஹார்டுவேர் என்கோடிங் போட்டிருந்தால் அந்த வேலை 1650 கார்டுக்குப் போய்விடுவதால் வித்தியாசம் இன்னும் குறைவு. கேமராவில் 10 பிட் 4:2:2-இல் எடுத்த ஃபுட்டேஜ் டைம்லைனில் திக்கினால் ஓவர்கிளாக் உதவாது, உங்கள் கார்டு அந்த வடிவத்தை டீகோட் செய்யாது. பிராக்ஸி (எடிட்டிங்குக்கான லேசான நகல்) போட்டு எடிட் செய்யுங்கள். நாள் முழுக்க பிராசஸரில் எக்ஸ்போர்ட் ஓடும் அளவுக்கு வேலை இருந்தால், 5600-ஐ விற்றுவிட்டு 8 கோர் உள்ள ரைசன் 7 5700எக்ஸ் வாங்குங்கள். அதுவும் 65 வாட்தான், பயாஸ் புதிதாக இருந்தால் அதே போர்டில் உட்காரும். பெட்டியில் கூலர் வராது, ஆனால் இப்போது வாங்கும் டவர் கூலரே அதற்கும் போதும்.